மூன்றாவது கேள்வி

சாம்பல் நிற உறையில் வந்தது வாக்குச்சீட்டு.
முதலாவது, பள்ளிக்கூடக் கூரை.
இரண்டாவது, பனி வழிக்கப் புதிய வண்டி.
மூன்றாவது,
ஊர் மயானத்தின் கிழக்கு மூலையில்
நாற்பது குழிகளைச் சற்றே சாய்வாகத் திருப்பி
ஒதுக்கலாமா:
ஆம், இல்லை.

"எனக்கு அவர்களோடு ஒரு பகையுமில்லை,"
கூட்டத்தில் எழுந்து சொன்னார் ரேத்லிஸ்பெர்கர்.
பால்பண்ணைக்காரர், நல்ல மனிதர்,
என் பிரஜாவுரிமைக்கு முதல் கை தூக்கியவர்.
"வரிசை குலையும். அவ்வளவுதான்."
பலர் தலையாட்டினார்கள்.
நானும் ஆட்டினேனோ?
ஆட்டியிருப்பேன்.
எமென்டாலுக்கு வந்து பதினேழு வருஷம்,
தலையாட்டித்தான் ஜெர்மன் படித்தேன்.

ஹம்சியாவுக்கு வாக்கில்லை.
முதியோர் இல்லத்துச் சலவை அறையில்
நானும் அவளும் ஒரே ஷிஃப்ட்.
போன தையில் அவள் மாமனார் மௌத்தானபோது
பெட்டியைக் கொழும்புக்கு அனுப்பக் காசு சேர்த்தோம்.
ஐம்பது பிராங்க் கொடுத்தேன்.
"அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்வான்" என்றாள்,
என் ஊர்த் தமிழில்.
என் ஊர்தான் அவளுக்கும்.
சோனகத் தெரு.

அவளிடம் சொல்லாதது:
தொண்ணூறாம் ஆண்டு, ஐப்பசி.
ஒலிபெருக்கி இரண்டு மணி நேரம் கொடுத்தது.
நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம்.
அடுப்பில் கத்தரிக்காய் அடிப்பிடித்தது.
அடுத்த மாதம் சித்தப்பா
மலிவாக ஒரு தையல் மெஷின் கொண்டுவந்தார்.
லாச்சிக்குள் பச்சை நூல், பாதிக் கட்டை,
ஒரு குழந்தைச் சட்டையின் ஒற்றைக் கை.
யாருடையது என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.
அதில் தைத்த பாவாடையோடுதான்
நான் பிளேன் ஏறினேன்,
"எங்களைத் துரத்தினார்கள்" என்று
பேர்னில் ஓர் அதிகாரி முன்னால் அழுதேன்.
பொய்யில்லை.
அதுவும் நடந்ததுதான்.

ஆம் என்று எழுதினேன்.
எந்த மொழியிலும் இரண்டே எழுத்து.
மெஷினுக்கு ஈடு என்று நினைத்து எழுதவில்லை.
நினைக்காமலும் எழுதவில்லை.

திங்கட்கிழமை
படுக்கைத் துணியின் இரண்டு மூலை அவள் கையில்,
இரண்டு என் கையில்.
இழுத்து நிமிர்த்தி,
கிட்ட நடந்து, மூலையோடு மூலை சேர்த்து,
மறுபடி விலகி.
பதினொரு வாக்கில் தோற்றிருந்தது மூன்றாவது.
அவளுக்குத் தெரியும், பேப்பரில் வந்திருந்தது.
"பள்ளிக்கூடக் கூரை என்ன மாதிரி?" என்றாள்.
"மகன்ட வகுப்புக்குள்ளதான் ஒழுகுது."
"வென்றிட்டுது," என்றேன்.
"அப்ப நல்லது" என்று
அடுத்த துணியை உதறி
ஒரு மூலையை என் பக்கம் எறிந்தாள்.