முன்பாதி

பெயரில்தான் தலை இருக்கிறது எங்கள் ஊருக்கு.
தலைஞாயிறு.
வாய்க்கால் கணக்கில் கடைமடை.
மேட்டூரில் திறந்த தண்ணீர்
எல்லார் வயலும் குடித்து முடித்த பிறகு
வெங்காயத்தாமரையைத் தள்ளிக்கொண்டு
ஒரு ராத்திரி சத்தமில்லாமல் வந்து நிற்கும்.
சில வருஷம் வராது.

கஜா அடித்தபோது ஓடு பறந்து
அலமாரியில் கிடந்த வேதப்புத்தகம் நனைந்தது.
மேலே விழுந்த மழை முன்பாதியை
ஊறின பலகையாக்கியது.
சுவிசேஷங்களும் கடிதங்களும் தப்பின.
"அதனால் என்ன, ஞானப்பூ,
நமக்கு வேண்டியது பின்னாலதானே இருக்கு"
என்றார் சத்தியநேசன்.

மூன்றாம் வாரம்
விழுந்த தென்னையை அறுக்கப் போய்
கணுக்காலில் பட்ட வெட்டு சீழ் பிடித்து
திருவாரூர் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார்.

கல்லறையில் எல்லாரும் நல்ல வார்த்தை சொன்னார்கள்.
உயிர்த்தெழுதல் நிச்சயம் என்றார் போதகர்.
நான் இல்லை என்று சொல்லவில்லை.
ஆனால் அந்த வார்த்தை
நடவு நடாத வயலுக்கு அறுக்க வந்த ஆள் மாதிரி
என் வாசலில் அரிவாளோடு நின்றது.
திருப்பி அனுப்பவும் மனசில்லை.

தை மாசம், களத்தில் காய நெல் இல்லை.
புத்தகத்தைக் காயப்போட்டேன்.
தென்னை ஈர்க்கால் தாள் தாளாகப் பிரித்தேன்
(ஈர்க்குக்கு மட்டும் அந்த வருஷம் பஞ்சமில்லை).
சில தாள் கிழிந்தது.
சிலது எதிர்ப்பக்கத்து எழுத்தைத் தன்மேல் வாங்கி
இடம்வலம் மாறிக் கிடந்தது;
வலப்புறமிருந்து கூட்டிப் படிக்க வேண்டியிருந்தது.
அதை முதலில் எழுதிய ஜனம்
அப்படித்தான் வாசிக்குமாம்.

பிரித்த இடத்திலெல்லாம் யாராவது கத்திக்கொண்டிருந்தார்கள்.
இன்னும் எத்தனை நாள் என்று ஒருவன்.
பிள்ளைகளை வாரிக்கொடுத்தவன் சாம்பலில் உட்கார்ந்து
கடவுளையே வழக்குக்கு இழுத்தான்.
எரிந்த பட்டணம் ஒன்று
தாலியறுத்தவள் மாதிரி ராத்திரியெல்லாம் அழுதது.
ஒருத்தர் வாயையும் யாரும் பொத்தவில்லை.
அதையும் வேதம் என்றே எழுதி வைத்திருந்தார்கள்.

ஏங்க, உங்களிடம் சொல்ல ஒன்று உண்டு.
சிலுவையில் அவர் கத்தினாரே, கைவிட்டுவிட்டாயே என்று,
அது பின்பாதிச் சொல் இல்லை.
சின்ன வயசில் மனப்பாடம் பண்ணின பழைய பாட்டு.
மூச்சு முட்டும்போது அவருக்கும்
முன்பாதிதான் வாயில் வந்தது.
தேடிப் போய் அந்தத் தாளைப் பிரித்தேன்.
எலும்பெல்லாம் கழன்ற அழுகைதான் முதலில்.
கீழே போகப் போக
எளியவர்கள் வயிறார உண்கிறார்கள்,
இன்னும் பிறக்காத பிள்ளைக்குச் சேதி போகிறது.
அவர் முதலடியைத்தான் சொன்னார்.
மிச்சத்துக்கு மூச்சு இல்லை.
மூன்றாம் நாள் கல் புரண்ட சத்தம்
எனக்கு அன்றைக்குத்தான் கேட்டது.

இது என் வயல் இல்லை, தெரியும்.
உழுதவர்கள் வேறே; இன்றைக்கும் இருக்கிறார்கள்,
தங்கள் பாஷையில் தங்கள் கதிரை அறுத்துக்கொண்டு.
நான் வரப்போரம் சிந்தினதைப் பொறுக்குகிறவள்.
அப்படிப் பொறுக்க வந்த ஒருத்தி,
புருஷனில்லாதவள், வேற்றூர்க்காரி,
அவள் கதையும் உள்ளேதான் இருந்தது, நாலே அத்தியாயம்.
யாரும் அவளை அதட்டவில்லை.

இப்போது புத்தகம் மூடுவதில்லை.
முன்பாதி உப்பிப்போய்
பின்பாதியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.
ரப்பர் பேண்டு போட்டிருக்கிறேன்,
அதுவும் அறுந்து அறுந்து போகிறது.

ஜூனில் மேட்டூர் திறந்துவிட்டதாக டிவியில் சொன்னார்கள்.
மதகுவரை நடந்தேன். வெடித்த மண், ஒரு நண்டு வளை.
"வரும்க்கா, குடகுல மழை" என்றார்
லஸ்கர் பச்சைமுத்து, பீடியை எடுக்காமல்.
குடகை நான் பார்த்ததில்லை.
வீட்டுக்கு வந்து
விதைநெல்லை ஊறப்போட்டேன்.