இரண்டாம் மேட்டின் தோள்

கோஷிட்சே நகரில் பனி விழுகிறது.
ஒவ்வொரு துகளுக்கும் ஆறு கை,
ஏழாவது கேட்டால் தராது.
சன்னலில் பட்டு உருகும்வரை
அந்தக் கணக்கில் பிசகில்லை.

உள்ளே ஜெல்மீரா
செப்புச் சக்கரத்தைச் சுழலவிட்டிருக்கிறாள்.
சிர்க்கோனியமும் செம்பும் கொஞ்சம் அலுமினியமும்
சேர்ந்து உருகியது
அதன்மேல் பீய்ச்சியடிக்கும்.
விழுவதற்கும் உறைவதற்கும் நடுவே
கண்ணிமைக்கும் நேரம்கூட நீண்ட விடுமுறை.
வரிசைக்குப் போக அணுக்களுக்கு
அவகாசம் தருவதில்லை நாங்கள்.
நின்ற இடத்திலேயே நில் என்கிறோம்.
நாடா சீறிக்கொண்டு வெளியே வருகிறது,
நகத்தின் தடிமனில் பத்திலொரு பங்கு.
கண்ணாடிதான். ஒளி புகாது.

'ஒழுங்கற்றது' என்று
நிதி கேட்கும் படிவத்தில் எழுதியது நான்தான்.

இரவு எக்ஸ்கதிரில் வைத்தோம்.
படிகமென்றால் ஊசி ஊசியாய்க் குத்திட்டு நிற்கும்.
இங்கே ஒரு கூன் விழுந்த மேடு,
அதன் பின்னால் சோர்ந்த இன்னொன்று,
அந்த இரண்டாவதற்கு வலப்பக்கம்
சின்னதாய் ஒரு தோள்.

இரைச்சல், என்றேன்.
மறுபடி ஓட்டினாள். தோள்.
டிடெக்டரை மாற்றினாள்.
தோள்.

பிறகுதான் கணினியில் அடுக்கி எண்ணினோம்:
நடுவில் ஒன்று, சுற்றிலும் பன்னிரண்டு,
ஒவ்வொரு முனையிலும் ஐந்து முக்கோணம் கூடும்
குறை சொல்ல முடியாத வீடு.
பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொள்ளும்,
அதற்கடுத்த வீட்டோடும்.
தெரு போடத்தான் வரவில்லை.
ஐங்கோண ஓட்டால் தரை பாவிப் பார்த்தால் தெரியும்,
எங்கேயோ ஒரு விரலிடுக்கு மிஞ்சும்.
அதை மூட
யாராவது கொஞ்சம் வளைந்தாக வேண்டும்.

விடியற்கால டிராமில்
என் தோளை இடிக்கும் தோள் யாருடையதென்று தெரியும்:
இரும்பாலையில் இரவுப்பணி முடித்த யோஷ்கோ.
அவர் முட்டும் முழங்கால் ஒரு மாணவியுடையது.
நாலாவது இருக்கை?
எனக்கெப்படித் தெரியும்.

மறுநாள் நாடாவை
முந்நூறு பாகையில் ஒரு மணி நேரம் விட்டோம்.
அணுக்கள் இன்னும் நெருங்கி உட்கார்ந்தன.
வரைபடத்தில் தோள் எடுப்பாயிற்று,
ஜெல்மீரா சீட்டியடித்தாள்.
நேற்றுவரை மடித்தால் மடிந்தது அது.
மடித்தேன்.
பட்டென்று இரண்டு.

அவள் துண்டுகளை உறையிலிட்டுத்
தேதி எழுதினாள். எதுவும் பேசவில்லை.

படிவத்தில் அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.
வேறு சொல் அகப்படவில்லை.
கட்டம் காலியாகக் கிடக்கிறது,
கெடு இன்று நண்பகல்.