ராஜாளியின் இறக்கைக்குக் கீழே

யாஸ் தீவில், வரிசை முடிகிற இடத்தில்
ஃபைபர் ராஜாளி ஒன்று
ஒற்றை இறக்கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது.
இறக்கையில் தலை இடித்தால் உள்ளே விடுவார்கள்.
இடிக்காமல் கடந்தால் விடமாட்டார்கள்.
தலை இடிப்பது நல்ல சகுனமாக இருக்கிற இடம்
எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

பெர்னிஷா ஒரு வாரமாகத் தயாரானாள்.
இரண்டு வேளை பால்.
மாடிக்கட்டில் கம்பியில் தொங்கல்.
இன்று உச்சந்தலையில் அன்னாசிப்பழம்போல் ஒரு கொண்டை,
மூன்று ரப்பர் பேண்டு போட்டு லீமா இறுக்கியது.

அளப்பவள் பெயர் ஜோவெலின் என்று சட்டையில் இருந்தது.
அவளே என் தோளுக்குத்தான் வருவாள்.
கொண்டைமேல் உள்ளங்கையை வைத்து
இட்லி வெந்ததா என்று பார்ப்பதுபோல் மெல்ல அழுத்தினாள்.
அன்னாசி படுத்துக்கொண்டது.
இறக்கைக்கும் தலைக்கும் நடுவே
இரண்டு சென்டிமீட்டர் வெளிச்சம்.
"சாரி பேபி, நெக்ஸ்ட் இயர்."
ஒரு நாளைக்கு எத்தனை சாரி சொல்வாளோ,
ஒன்றையும் தேயவிடாமல் வைத்திருந்தாள்.

லீமாவும் ரெஜினும் உள்ளே போனார்கள்.
நானும் போயிருக்கலாம்.
பிள்ளையோடு யாராவது நிற்க வேண்டாமா என்றேன்.
பெரிய தியாகம்.
ஸ்டூலில் ஏறி பல்பு மாற்றினாலே
எனக்கு முழங்கால் நடுங்கும்.
அந்த இரண்டு சென்டிமீட்டருக்கு
மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டேன்.

வெளிவாசல் கம்பியில் சாய்ந்து நின்றோம்.
ஒரு கப் மக்காச்சோளம், பதினெட்டு திர்ஹம்.
அவள் அழவில்லை, அதுதான் சங்கடமாக இருந்தது.
தலைக்குமேல் ரயில் போகும்போதெல்லாம்
ஒரு கூட்டு அலறல் வந்து
சோளத்தின்மேல் விழுந்து போயிற்று.
"அப்பா, ஒன்னய எங்கயாவது
பத்தாதுன்னு திருப்பி அனுப்பியிருக்காங்களா?"

முசாஃபா டைப்பிங் சென்டர்.
குடும்பத்தைக் கூட்டிவர அப்போது நாலாயிரம் சம்பளம் கேட்டார்கள்.
எனக்கு மூவாயிரத்து அறுநூறு.
ஓவர்டைமையும் சேர்த்து எழுதிக்கொண்டு போனேன்.
கவுண்டர்க்காரர் மலப்புறத்து ஆள், தன்மையானவர்.
ஓவர்டைம் வரியின்மேல் பேனாவை வைத்து
மெல்ல அழுத்தினார்.
"இது கணக்கில் வராது, சேட்டா."
இப்படி மூன்று வருடம்.
ரெஜின் முதல் அடி வைத்ததை
கேம்ப் கழிவறை வாசலில் நின்று போனில் பார்த்தேன்,
அங்குதான் சிக்னல் வரும்.

"ஆமா, ஒரு தடவை" என்றேன்.
"எவ்ளோ கொறஞ்சுது?"
"நானூறு."
"நானூறு சென்டிமீட்டரா!"
சோளம் அவள் மூக்கு வழியாக வந்தது.
இருமி முடித்துத் தண்ணீர் கேட்டாள்.
மீதிக் கதையைக் கேட்கவில்லை.

அவர்கள் இறங்கி வந்தார்கள்.
ரெஜின் உதடு வெள்ளையாக இருந்தது.
"ஒண்ணுமில்ல, சப்ப ரைடு" என்றான்.
போட்டோ கடைத் திரையில்
கண்ணை இறுக மூடி, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு
வாய்விட்டு அழுகிறது ஒரு பத்து வயது.
பெர்னிஷா அதன்முன் நெடுநேரம் நின்றாள்.
சிரிக்கக்கூட இல்லை.
இதை வாங்கியே ஆக வேண்டும் என்றாள்.
அறுபது திர்ஹம்.

திரும்பும் பஸ்ஸில் என் மடியில் தூங்கிவிட்டாள்.
ஷூவைக் கழற்றினேன்.
குதிகாலுக்கு அடியில், இரண்டிலும்,
எட்டாக மடித்த பார்க் வரைபடம்.
வாசலில் ஏன் இத்தனை எடுக்கிறாய் என்றதற்கு
அரபியிலும் படிக்கணும் என்றாளே.
மடிப்பின் கோடு தோலில் சிவப்பாகப் பதிந்திருந்தது.
காலையிலிருந்து இதன்மேல்தான் நடந்திருக்கிறாள்.

அப்படியானால் குறைந்தது இரண்டு இல்லை.
மூன்று இருக்கும். மூன்றரைகூட.

லீமா பார்க்கிறாளா என்று பார்த்தேன்.
பார்க்கவில்லை.
பிரித்ததை அதே மடிப்பில் மடித்து
ஷூவுக்குள் திரும்ப வைத்தேன்.