நாளைக்குக் கூட்டாதே

சூப்பர்வைசர் தொலைபேசியில் சொன்னார்:
"நாளைக்குக் கூட்டாதே.
பள்ளிக்கூடப் பிள்ளைங்க வர்றாங்க,
குப்பை பொறுக்கக் கத்துக்க.
போன தடவை நீ எல்லாத்தையும் அள்ளிட்டே.
பாவம் அந்த டீச்சர்,
ஒரு சிகரெட் துண்டு தேடி
புல்தரை முழுக்க அலைஞ்சாங்க."

பதினோரு வருடத்தில் முதல்முறையாக
யீஷூனில் விடிந்த பிறகு விழித்தேன்.
துடைப்பம் இல்லாத கையை
எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
சட்டைப்பைக்குள் வைத்தேன்.

ஒரே ராத்திரியில் வந்து சேர்ந்திருந்தன எல்லாம்:
பபிள் டீ குவளைகள், அடியில் மிச்சக் கருமணிகளோடு.
பிரியாணி எண்ணெய் ஊறிய பழுப்புக் காகிதம்.
கிழித்தெறிந்த லாட்டரிச் சீட்டுகள்,
யாருக்கும் விழவில்லை போல.
மின்தூக்கி வாசலில் ஒற்றைச் செருப்பு.
அங்சானா மரமும் தன் பங்குக்கு
கார் நிறுத்துமிடம் வரை
மஞ்சளைக் கொட்டி வைத்திருந்தது.

எட்டரைக்கு முப்பது பிள்ளைகள்.
கையுறையெல்லாம் பெரியவர்கள் அளவு;
விரல் நுனிகள் காலியாய்த் தொங்கின.
இடுக்கிகள் முதலில் பிடித்தவை
காதுகள், பின்னல்கள், ஒரு மூக்கு.
"பூமிதான் நம்ம வீடு" என்றார் ஆசிரியை.
ஒரு பையன் கேட்டான்:
"பூ குப்பையா டீச்சர்?"
அவர் யோசித்தார்.
பிறகு தூண் ஓரம் நின்ற என்னைப் பார்த்தார்.
போன மார்ச்சில் புகார் வந்தது,
பூவை அள்ளவில்லை என்று.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

பத்து மணிக்குப் படம் எடுத்தார்கள்,
பைகளைத் தூக்கிக் காட்டி,
வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி.
பேருந்து போன பின்
சதுரங்கக் கல்மேசையில்
பாதி குடித்த தண்ணீர் போத்தல்கள் நின்றன.
பன்னிரண்டு.
காய் நகர்த்துவது போல்
ஒவ்வொன்றாய் எடுத்தேன்.

மறுநாள் ஆறேகால்.
குப்பைக் குழாயின் இரும்புக் கதவைத் திறந்து
தொட்டியை இழுத்துக்கொண்டிருந்தேன்.
மேலே எங்கோ ஒரு மாடியிலிருந்து
பாட்டில் ஒன்று சுவரில் முட்டி முட்டி
இறங்கி வந்தது.
மின்தூக்கியிலிருந்து ஹஃபீஸா வந்தாள்,
நேற்று இடுக்கியால் பின்னல் பிடித்தவள்.
அரைத் தூக்கம், அவிழ்ந்த காலணிக் கயிறு.
என்னைக் கண்டதும் நின்றாள்.

"அங்கிள், நேத்து உங்களுக்குக் காய்ச்சலா?"

"இல்லையே. ஏம்மா?"

"அவ்ளோ குப்பை கிடந்துச்சே."

பள்ளிப் பேருந்து ஹாரன் அடித்தது.
கயிற்றைக் கட்டாமலே ஓடினாள்,
பூ கிடந்த இடத்தை மட்டும்
மிதிக்காமல் சுற்றிக்கொண்டு.

அந்தப் பக்கத்தைக் கடைசியில் கூட்டலாம் என்று
விட்டுவைத்தேன்.