அமாவாசையை ஒட்டி

களிமண்குண்டில் காற்றுக்காகத்தான்
கதவைச் சாத்துகிறேன் என்று சொல்லிவந்தேன்.
கச்சான் வீசினால் கரும்பலகையில் மணல் ஒட்டும்,
சாக்பீஸ் கீச்சிடும்; பொய்யில்லை.
ஆனால் காற்று செத்துக் கிடக்கிற மாசியிலும்
என் ஒன்பதாம் வகுப்பு சாத்தியே கிடந்தது.
பத்தொன்பது வருஷம்.

அடுத்த அறையில் பூங்கோதை டீச்சர்
எட்டாம் வகுப்புக்கு நடத்துவது
சுவர் வழியே வரும்:
நிலா, ஓதம், ஈர்ப்பு விசை.
ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. அவரும்தான்.
மரியாதை என்று அதற்குப் பேர் வைத்திருந்தோம்.

ஜூனில் ரகுமத்துன்னிசா
தலைமையாசிரியையாக வந்தார்.
இரண்டு மாதம் ஒரு சுற்றறிக்கையும் இல்லை.
எங்களுக்கு அதுவே சந்தேகம்.
ஆகஸ்டில் ஒருநாள், நாலேகால் மணிக்கு,
"வருகைப் பதிவேட்டோட வாங்க" என்றார்.

காளீஸ்வரி கணக்குக்குப் பயந்து வருவதில்லை என
விளக்கம் எழுதி, மடித்து,
சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.
சேதுராசு தன் ஏழாம் வகுப்புக்கு
இதைவிட நீளமாக எழுதியிருந்தார்.

யாரும் கேட்கவில்லை.
சத்துணவு மேசையைத் துடைத்து
மூன்று பதிவேட்டையும்
தோளோடு தோள் படுக்க வைத்தார்.
"எனக்கு ஒண்ணும் பிடிபடல. நீங்க பாருங்க."
டீ வாங்க அவரே போனார்.

பார்த்தோம்.
என் தாளில் சிவப்பு மை விழுந்த தேதியிலேயே
அவர்கள் தாளிலும் சிவப்பு.
ஆறு நாள். பிறகு ஒன்றுமில்லை. மறுபடி ஆறு நாள்.
பூங்கோதைதான் எழுந்துபோய்
சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் புரட்டினார்.
அமாவாசை. பௌர்ணமி. அமாவாசை.
"பாசிக்குப் போற நாளு சார்."

அம்மாக்கள் விரலில் துணி சுற்றி,
கண்ணாடி மாட்டி, காலில் தகரம் கட்டித்
தீவுப்பக்கம் முங்கப் போகிற நாள்.
வீட்டில் கைப்பிள்ளையை வைத்திருப்பவள் காளீஸ்வரி.
ஓதத்தைப் படம் போட்டு நடத்தியவர் பூங்கோதை.
நடத்திய அன்று வகுப்பில் பாதி இல்லை.

பையைத் தொட்டேன்.
என் விளக்கம் வியர்வையில் ஊறியிருந்தது.

டீ வந்தது. ஆறு பேருக்கு நாலு டம்ளர்.
ஒற்றுமை என்ற சொல்லை
அவர் எடுக்கவே இல்லை.
"என்ன செய்யலாம்?" என்றார். பிறகு சும்மா இருந்தார்.
சும்மா இருந்தது நீண்டுகொண்டே போனதால்
நான்தான் வாயைத் திறந்தேன்:
அந்த ஆறு நாளும் புதுப்பாடம் வேண்டாம்.
சேதுராசு: மூணு வகுப்பையும் நான் சேர்த்துப் பிடிக்கிறேன்,
திரும்பி வர்ற பிள்ளைகளுக்கு
விட்டுப்போனதை நீங்க ரெண்டு பேரும் எடுங்க.
ஜெபமாலை சார் மட்டும்
கீழக்கரை பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்தார்.
யாரும் தடுக்கவில்லை.

முதல் மாதம் சொதப்பியது.
சேதுராசுவிடம் எண்பது பிள்ளைகள்,
இரைச்சல் கடற்கரை வரை.
"இது என் தப்புக் கணக்கு" என்று
எங்கள் முன்னால், தன் கையாலேயே,
தான் போட்ட அட்டவணையை அழித்தார்.
அதற்கப்புறம்தான்
கைப்பிள்ளைகளையும் தூக்கி வரச் சொன்னது.

ஆய்வுக்கு வந்தவர் கேட்டார்:
வகுப்பறையில தொட்டிலா? யார் உத்தரவு?
"என் உத்தரவு."
எங்கள் பக்கம் அவர் கண் திரும்பவே இல்லை.
அந்த வருஷம்
நான் மாறுதலுக்கு எழுதிப்போடவில்லை.

இப்போது என் கதவுக்கு
அரைச்செங்கல் முட்டுக்கொடுத்திருக்கிறது.
காலி பீரியடில் பூங்கோதை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து
நான் வேகமாகத் தாண்டுகிற இடத்தில்
பேனாவால் தட்டுகிறார்.
எரிச்சலாகத்தான் இருக்கிறது. தாண்டுவதில்லை.
காளீஸ்வரி மடியில் தம்பி
பல்லுறுப்புக் கோவை மேல்
எச்சில் ஒழுகத் தூங்குகிறான்.
மணல் வரத்தான் செய்கிறது.
கூட்டிக்கொள்கிறோம்.

நேற்று பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்த
ஜெபமாலை சார்
வாசலில் நின்று, திரும்பாமலே, கேட்டார்:
"அமாவாசை வியாழனா, வெள்ளியா?"