இருபத்திமூன்று லீற்றர்

அழைத்தது அவர் இல்லை, அவருடைய மனைவி.
"தம்பி, அந்த பஸ்ஸுக்குள்ள ராவெல்லாம்
டக் டக் எண்டு அடிக்குது.
எனக்கு நித்திரை இல்ல."

கோமாரி. மார்கழி.
வாடை தென்னைகளைப் பிடித்து உலுப்புகிற கிழமை.
அறுகம்பையில் அலைக்காரர் எல்லாரும் போய்விட்டார்கள்.
பழைய ரோசா பஸ் ஒன்றை வெட்டி
கட்டிலும் அடுப்பும் குளிக்க ஒரு மூலையும் வைத்து
வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடுகிற குகதாஸ்
புரட்டாதியிலிருந்து தானே அதற்குள் இருக்கிறார்.
குசினி யன்னலுக்கும் பஸ்ஸுக்கும் இடையில்
பதினொரு அடி, ஒரு கொடிக்கயிறு.
ஏனென்று நான் கேட்கவில்லை.
என் வேலை
எங்கே என்று கேட்பது.

பச்சைத்தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது.
சுடுதண்ணீர் நூல்.
அப்படியென்றால் பம்பில் பிழையில்லை,
ஹீட்டருக்குப் போய்த் திரும்பும் வழியில்தான் அடைப்பு.
ஷவரின் தலையைக் கழற்றினேன்:
கிணற்றுச் சவர், பல்லில் காரை போல.
வினாகிரிக்குள் போட்டேன்.
ஒருவழி வால்வு பாதி திறந்தபடி இறுகியிருந்தது,
விடவும் மாட்டாமல் மறிக்கவும் மாட்டாமல்.
புதிதாக ஒன்று பூட்டினேன்.

இனி அந்த டக் டக்.
எல்லாப் பைப்பும் மூடியிருக்க பம்ப் அடித்தால்
எங்கோ ஒரு துளி வெளியே போகிறது.
எத்தனை நிமிடத்துக்கு ஒருக்கால் என்று தெரிந்தால்
துளியின் அளவு தெரியும்.
அவருக்குத் தெரியவில்லை.
"நாலரை" என்றது குசினி யன்னல்.
"ரெண்டு மணிக்குப் பிறகு நாலு."

மூட்டு மூட்டாய்த் துடைத்து டிசு சுற்றினேன்.
கட்டிலுக்குக் கீழே
மடிக்காத சேர்ட்டுகளுக்குப் பின்னால்
டோர்ச்சைக் கடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன்.
மூன்றாவது டிசு நனைந்தது.
வோஷர் வெடித்திருந்தது.
"நீங்களா இறுக்கினது?"
"ஒழுகுது எண்டு திரும்பத் திரும்ப இறுக்கினன்."
"அதாலதான்."

பிறகும் அடித்தது,
இருபது நிமிடத்துக்கு ஒருமுறை.
வெளியே, பஸ்ஸின் விலாவில்,
பாதுகாப்பு வால்வு சொட்டிக்கொண்டிருந்தது;
கீழே மணலில் ஐந்து ரூபாக் குத்தியளவு குழி.
வால்வில் பிழையில்லை.
தாங்கி இருபத்திமூன்று லீற்றர்,
இருபத்திமூன்றும் தண்ணீர்.
சுட்டால் தண்ணீர் பெருக்கும்,
பெருக்க மேலே கொஞ்சம் காற்று வேண்டும்.
அந்தக் காற்று நாளுக்கு நாள் கரைந்து
குளிக்கிற தண்ணீரோடே போய்விடும்.
யாரும் காண்பதில்லை.

கேசை நிற்பாட்டி, ஆறவிட்டு,
பம்பை நிற்பாட்டி,
உள்ளே சுடுதண்ணீர்ப் பைப்பைத் திறந்துவிட்டு
வால்வின் காதைப் பிடித்து இழுத்தேன்.
வழிந்தது. வழிந்தது. நின்றது.
களுக் என்று தாங்கி
ஒரு மூச்சை உள்ளே எடுத்தது.
மூடினேன்.

அரை மணி நேரம் பஸ் படியில் காத்திருந்தோம்.
மகள் இரண்டு கோப்பை பிளேன்டீ கொண்டுவந்தாள்.
ஒன்றில் சீனி இல்லை.
எது என்று பிள்ளை சொல்லவில்லை.
அவர் பார்க்காமலே கையை நீட்டி
சரியானதை எடுத்தார்.
பம்ப் அடிக்கவில்லை.

மறுநாள் விடிய ஐந்தரைக்கு போன்.
"தம்பி, சத்தம் ஒண்டும் இல்ல."
"அதுக்குத்தானே அக்கா வந்தனான்."
"ஓம்."
அவர் பக்கம் தகரத்தில் மழை.
"ராவு முழுக்கக் காது குடுத்துக்கொண்டு கிடந்தன்."
நான் ஒன்றும் சொல்லவில்லை.
"எவ்வளவு தரணும்?"
"அண்ணன் நேத்தே தந்திட்டார்."
"அது இரிக்கட்டும்.
எவ்வளவு?"