மறுகா

குருக்கள்மடத் துறையடியில்
பாதைக்குக் காத்து நின்றோம்.
சந்திப்பது மூன்றாம் தடவை.

கிளினிக்கில் கொப்பி தொலைந்த கதை
சொல்லிக்கொண்டிருந்தேன்.
பெரிய கதையில்லை.
பாதியில் ஒரு மோட்டார் சைக்கிள் இரைந்து போனது,
நிறுத்தினேன்.
வழக்கமாக இந்த இடத்தில்தான்
என் கதைகள் சாகும்.

"மறுகா?" என்றான் யதுர்சன்.

ஊரே சொல்லும் சொல்.
மீன்காரர், கண்டக்டர், என் அக்கா,
எல்லோரும் எங்கேயோ பார்த்தபடி கேட்பார்கள்.
இவன் கேட்டுவிட்டு நின்றான்,
உடைத்த கச்சானை
வாயில் போடாமல்.

பாதை வந்தது.
இரண்டு ஆடும் ஒரு லாண்ட்மாஸ்டரும் ஏறின.
"வாறீங்களா?" என்று கத்தினார் பாதைக்காரர்.
நான் வாவியைப் பார்த்தேன்.
அவன் அசையவில்லை.

கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள்.
கொப்பி எங்கே கிடந்ததென்று
நான் இன்னும் சொல்லவில்லை.